ஆப்பிரிக்கா ரிவிஷன் பெட்டி: மஞ்சள் கார்டுகள் அருமை, சிவப்புக் கார்டுகளை அப்படியே கொடுத்துவிடாதீர்கள்

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு ஆப்பிரிக்காவின் வரலாற்றையும் இன்றைய பிரச்சினைகளையும் பரீட்சைக்கு முன்னால் ஒருமுறை திருப்பிப் பார்க்க இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். வரைபடமும் மஞ்சள் நிற வரலாற்றுக் கார்டுகளும் மட்டுமே கொடுத்த காசுக்குப் போதும். ஆனால் 'இன்றைய சவால்கள்' என்று சிவப்பில் வரும் கார்டுகளில் பெரியவர்கள் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் மஞ்சளில் கற்றதையெல்லாம் சிவப்பு அழித்துவிடும். அது ஏன், என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்குப் பக்கத்தில். ஜார்ஜியா மாநிலத்தில் 7ஆம் வகுப்பு சமூக அறிவியலில் ஆப்பிரிக்காவும் ஆசியாவும் வருகின்றன. ஆப்பிரிக்காவை மட்டும் எடுத்தாலே நைல், காங்கோ, நைஜர் ஆறுகள், சஹாரா, அதன் தெற்கே வறண்ட பட்டையாக ஓடும் சாஹேல், காடழிப்பு, நிலம் பாலைவனமாவது, ஐரோப்பியர் கண்டத்தைப் பங்கு போட்டது, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா விடுதலை, அபார்தைட் என்ற நிறவெறி ஆட்சிமுறை, பான்-ஆப்பிரிக்க இயக்கம், எய்ட்ஸ், பஞ்சம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, வகுப்பில் இதற்குக் கிடைப்பது சில வாரங்கள். என் மகளையும் எங்கள் தெருவில் அவளோடு படிக்கும் பிள்ளைகளையும் சனிக்கிழமை மதியங்களில் கூடத்தில் உட்கார வைத்துப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டோம். பெட்டிக்குள் இருப்பவை: தரையில் விரிக்கும் துணி வரைபடம், கால வரிசைப் பட்டை, மஞ்சள் வரலாற்றுக் கார்டுகள், சிவப்புச் சவால் கார்டுகள், வேகக் கேள்விக் கார்டுகள், பெரியவர்களுக்கு ஒரு சின்னக் கையேடு. விலை 40 டாலரைத் தாண்டுகிறது.

வரைபடத்தில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெட்டியிலேயே நன்றாகச் செய்யப்பட்டது அதுதான். பரப்பளவைச் சரியாகக் காட்டும் வகை வரைபடம். நம் வகுப்பறைகளில் பல காலம் தொங்கிய மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. மூன்று கோடி சதுர கிலோமீட்டர். அமெரிக்கா, சீனா, இந்தியா மூன்றையும் அதே அளவுக்குத் துணியில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகள் மூன்றையும் மேலே அடுக்கிப் பார்த்தபோது இன்னும் இடம் மிச்சம் இருந்தது, அதை நம்பாமல் மறுபடியும் அடுக்கினார்கள். 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியமே மெர்கேட்டரைக் கைவிடச் சொல்லும் இயக்கத்துக்கு ஆதரவு கொடுத்தது, ஆக இது வெறும் விளையாட்டு இல்லை. துணியின் ஒரு பக்கம் மலை, ஆறு, பாலைவனம் மட்டும், மறு பக்கம் 54 நாடுகளின் எல்லைகள். முதலில் எல்லை இல்லாத பக்கத்தை விரித்து, 'நீங்கள் நாடு பிரித்தால் எங்கே கோடு போடுவீர்கள்' என்று கேளுங்கள். எல்லாரும் ஆற்றோரமும் மலையோரமும்தான் போட்டார்கள். அப்புறம் திருப்பிக் காட்டினால் எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு கோடு, காம்பியா ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய நாடு, நமீபியாவின் வடகிழக்கில் விரல் நீட்டியதுபோல் கப்ரீவி துண்டு. இந்தத் துண்டின் கதை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்போது நமீபியாவை ஆண்ட ஜெர்மனி 1890ல் பிரிட்டனோடு பேரம் பேசி, ஜாம்பெஸி ஆற்றைப் பிடித்தால் இந்தியப் பெருங்கடலுக்குப் போய்விடலாம் என்று அந்த நிலத்தை வாங்கிக்கொண்டது, ஆனால் ஆற்றில் கொஞ்சம் கீழே போனால் விக்டோரியா அருவி. எந்தக் கப்பலும் போகாது. 130 வருஷத்துக்கு மேலாகியும் அந்த விரல் வரைபடத்தில் இருக்கிறது.

மஞ்சள் கார்டுகளில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், கதை ஐரோப்பியக் கப்பலில் இருந்து தொடங்கவில்லை. பல பாடப்புத்தகங்கள் எகிப்தைச் சொல்லிவிட்டு நேராக அடிமை வணிகத்துக்குத் தாவிவிடும். இதில் குஷ் அரசு இருக்கிறது. அதன் மன்னர்கள் எகிப்தையே ஆண்டு 25ஆம் அரச வம்சமாக இடம் பிடித்தார்கள், இன்றைய சூடானில் எகிப்தைவிட அதிகமாக 200க்கும் மேற்பட்ட பிரமிடுகள் நிற்கின்றன. இன்றைய எத்தியோப்பியாவில் 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற அக்சும் மன்னர் எசானா இருக்கிறார். கிழக்குக் கரையில் பயணி இப்னு பதூதா 1331ல் போய்ப் பார்த்த வணிக நகரம் கில்வா இருக்கிறது. மாலிப் பேரரசர் மான்சா மூசா கார்டு பெட்டியிலேயே சிறந்த கார்டுகளில் ஒன்று. 'உலகத்திலேயே பெரிய பணக்காரர்' என்று சொல்லி முடித்துவிடாமல், 1324ல் மெக்கா போகும் வழியில் அவர் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தால் ஏன் தங்கத்தின் விலை விழுந்தது என்று கேட்கிறது. சுமார் 12 வருஷம் கழித்து அந்த ஊரில் விசாரித்து எழுதிய அல்-உமரி, விலை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை என்கிறார். வரத்து அதிகமானால் விலை இறங்கும் என்பதை 12 வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிரேட் ஜிம்பாப்வே கார்டு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். சாந்து இல்லாமல் கல்லடுக்கிக் கட்டியது, 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை, அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமான பகுதி பிறகு வருகிறது. வெள்ளையர் ஆட்சியில் இதை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்கவே முடியாது, ஃபீனீஷியர்களோ அரேபியர்களோ வந்து கட்டியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1905லும், மறுபடி 1929ல் தொல்லியலாளர் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் தோண்டிப் பார்த்தபோதும், உள்ளூர் மக்கள் கட்டியதுதான் என்று தெளிவாகிவிட்டது. அதன்பிறகும் அந்த நாட்டை ஆண்ட வெள்ளையரின் ரொடீஷிய அரசு அதை ஏற்கவில்லை. 1980ல் விடுதலை பெற்றபோது அந்த மக்கள் தங்கள் நாட்டுக்கே அந்தக் கல்கோட்டையின் பெயரை வைத்துக்கொண்டார்கள். இதை நான் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், வரலாற்றை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி அவர்களுக்குள் அங்கேதான் முளைத்தது.

அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்கு வரும் கார்டுகள் நேர்மையானவை. சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பலில் ஏற்றப்பட்டார்கள், சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர்தான் கரை சேர்ந்தார்கள் என்ற கணக்கைக் கொடுத்துவிட்டு, நடுவே விடுபட்ட எண்ணைப் பிள்ளைகளையே கழித்துப் பார்க்கச் சொல்கிறது. கழித்து முடித்ததும் யாரும் எதுவும் பேசவில்லை. இந்த இடத்தில் பெட்டியை ஓரம் வைத்துவிட்டு ஸ்லேவ் வாயேஜஸ் இணையதளத்தைத் திறந்தோம். இலவசம், 36,000க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்களின் பதிவு அதில் இருக்கிறது, புறப்பட்ட துறைமுகம், சேர்ந்த துறைமுகம், எத்தனை பேர் என்று தேடலாம். ஜார்ஜியாவில் இருப்பவர்கள் கண்டிப்பாக வாண்டரர் கப்பலைத் தேடிப் பாருங்கள். அடிமைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவருவது சட்டப்படி தடைசெய்யப்பட்டு 50 வருஷம் ஆன பிறகு, 1858 நவம்பரில், சுமார் 400 பேரை ஜெக்கில் தீவில் கள்ளத்தனமாக இறக்கிய கப்பல் அது. விடுமுறைக்குப் போய்க் கடற்கரையில் மணல்வீடு கட்டிய தீவு என்பதால் பிள்ளைகளுக்கு அது சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது. காங்கோ மன்னர் முதலாம் அஃபோன்சோ 1526ல் போர்ச்சுகல் அரசருக்கு எழுதிய கடிதம் பற்றியும் ஒரு கார்டு இருக்கிறது, என் மக்களை வணிகர்கள் தினமும் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அவர் முறையிட்டது அதில் வருகிறது. ஆப்பிரிக்கர் ஒருவரின் குரலை அவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு இந்த மாதிரிப் பெட்டிகளில் அபூர்வம்.

அடுத்து பெர்லின் மாநாடு. இங்கே ஒரு தவறு இருக்கிறது, வாங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 'ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவின் எல்லைகளை வரைந்தன' என்று கார்டு சொல்கிறது. பரீட்சையில் இப்படி எழுதினாலும் மார்க் கிடைத்துவிடும் என்பதுதான் சங்கடம். 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை நடந்த அந்தக் கூட்டத்தில் முடிவானவை பெரும்பாலும் விதிமுறைகள்: ஒரு கரையோரத்தைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டுமானால் அங்கே உண்மையில் ஆட்சி நடத்த வேண்டும், காங்கோ, நைஜர் ஆறுகளில் எல்லார் கப்பலும் போகலாம் என்பவை போல. கோடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு இரண்டிரண்டு நாடுகளாகப் பேசிப் போட்ட ஒப்பந்தங்களில் வந்தவை, மேலே சொன்ன கப்ரீவி துண்டு அதற்கு நல்ல சாட்சி. கார்டு சரியாகச் சொல்லும் பகுதி, மேசையில் 14 நாடுகள் இருந்தன, ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை என்பது. அந்த 14ல் அமெரிக்காவும் ஒன்று, கடைசியில் ஒப்பந்தத்தை உறுதி செய்யவில்லை என்றாலும். ஜான்சிபார் சுல்தான் வர விரும்பியும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னபோது ஒரு பையன், "ஆன்ட்டி, அப்போ அவங்க வீட்டைப் பத்தி அவங்களைக் கேட்கவே இல்லையா?" என்றான். கேட்கவே இல்லை. விடுதலை பெற்ற பிறகு 1964ல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், எல்லையைத் தொட்டால் கண்டம் முழுக்கச் சண்டை வெடிக்கும் என்று பயந்து, இருக்கிற கோடுகளை அப்படியே வைத்துக்கொள்வதாகத் தீர்மானம் போட்டார்கள். இதுவும் கார்டில் இல்லை, ஆனால் 'இவ்வளவு மோசமான எல்லையை ஏன் மாற்றவில்லை' என்று எந்தப் பிள்ளையும் கேட்கும், பதில் தயாராக இருக்கட்டும்.

விடுதலைக் கார்டுகள் வேகமாகப் போகும்: 1957 மார்ச் 6 கானா, அதன் தலைவர் குவாமே இன்க்ரூமா, 1960ல் ஒரே வருஷத்தில் 17 நாடுகள், அதே வருஷம் அக்டோபர் 1 நைஜீரியா, 1963 டிசம்பர் 12 கென்யா, ஜோமோ கென்யாட்டா. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் எழுச்சிக் கார்டு இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது, முகாம்களில் நடந்த சித்திரவதைக்காக 2013ல் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து 5,000க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது வரை வருகிறது. தென்னாப்பிரிக்கா தொகுப்புதான் பிள்ளைகளை முழுதாகப் பிடித்தது. 1948ல் அபார்தைட், 1960ல் ஷார்ப்வில் துப்பாக்கிச் சூடு, மண்டேலாவின் 27 வருஷச் சிறை, 1994 ஏப்ரல் தேர்தல் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அவர்கள் நின்ற இடம் 1976 ஜூன் 16, சோவெட்டோ. பாதிப் பாடங்களை வெள்ளை ஆட்சியாளர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். சுடப்பட்ட ஹெக்டர் பீட்டர்சனுக்கு வயது 12. உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அதே வயது. தமிழ்க் குடும்பங்களில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த இடத்தில் இன்னொன்றைச் சேர்க்கலாம்: சென்னையில் இருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது, அப்படிப் போனவர்கள் மேல் போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்த போராட்டத்தில் சிறைக்குப் போய் 1914ல் 16 வயதில் இறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை, அவர் பிறந்ததே ஜோகன்னஸ்பர்கில். எங்கள் கூட்டத்தில் இருந்த பிள்ளைகளில் யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரியும்.

இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் சிவப்புக் கார்டுகளில் ஏன் இப்படிக் கைவிட்டார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 'ஆப்பிரிக்காவில் சுத்தமான தண்ணீர் கிடைப்பதில்லை.' 'ஆப்பிரிக்காவில் உள்நாட்டுப் போர்கள் நடக்கின்றன.' 'ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுகிறது.' பெரும்பாலான கார்டுகளில் எழுவாய் அதேதான், ஒரு முழுக் கண்டம். நாட்டின் பெயர் இல்லை, வருஷம் இல்லை, மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை, முக்கால்வாசிக் கார்டில் அழுகிற குழந்தையின் படம். மஞ்சளில் மன்னர்களையும் வணிகர்களையும் போராளிகளையும் பெயர் சொல்லிப் பார்த்த பிள்ளைகள் சிவப்புக்கு வந்ததும் யாரையும் பார்க்க முடியவில்லை. என் மகள் முதல் கார்டை எடுத்துப் படித்துவிட்டு, "இது எந்த நாடு அம்மா?" என்று கேட்டாள். கார்டின் பின்பக்கத்திலும் பதில் இல்லை. இப்படிப் படிக்கும் பிள்ளை, பிரச்சினை என்பது அந்த மண்ணின் குணம் என்று நினைத்துக்கொண்டு பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடும். அந்த நினைப்பு பரீட்சைக்குப் பிறகும் பல வருஷம் கூடவே இருக்கும், இதுதான் எனக்குப் பெரிய கவலை.

நாங்கள் செய்தது இதுதான், நீங்களும் செய்து பாருங்கள். ஒவ்வொரு சிவப்புக் கார்டுக்கும் ஒரு மஞ்சள் கார்டைத் தேடி ஜோடி சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டு நான்கு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: எந்த நாடு, எந்த வருஷம், எங்கிருந்து வந்தது, அங்கே இருப்பவர்கள் யார் என்ன செய்கிறார்கள். காங்கோவில் இது உடனே வேலை செய்தது. 'கனிம வளத்துக்காகச் சண்டை' என்ற சிவப்புக் கார்டை எடுத்தவர்கள், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டு ரப்பருக்காக மக்களை வதைத்த மஞ்சள் கார்டோடு சேர்த்தார்கள். அடுத்து முதல் பிரதமர் லுமும்பா: 1960 ஜூன் 30ல் நாட்டுக்கு விடுதலை, 1961 ஜனவரியில் அவர் கொலை. பிறகு சர்வாதிகாரி மொபுட்டு, 1965 முதல் 1997 வரை. கார்டு வைரத்தோடு நின்றுவிடுகிறது, ஆனால் இன்று உலகில் வெட்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் 70 சதவீதம் போல காங்கோ ஜனநாயகக் குடியரசில் இருந்துதான் வருகிறது, போனிலும் மின்சாரக் காரிலும் இருக்கும் பேட்டரிக்கு அது வேண்டும். அன்று டயருக்கு ரப்பர், இன்று பேட்டரிக்கு கோபால்ட் என்று ஒரு பிள்ளை தானாகவே எழுதினாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடுகிறது.

எய்ட்ஸ் கார்டு பழசு. மருந்து எட்டாத நோய் என்கிற தொனியில் இருக்கிறது. அது 2000ஆம் ஆண்டு வாக்கில் உண்மை, மருந்துக்கு ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன காலம். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் வருஷத்துக்கு 350 டாலர், அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே தருவதாக அறிவித்தது. 2002ல் போட்ஸ்வானா தன் மக்களுக்கு இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது, 2003ல் அமெரிக்காவின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபார் வந்தது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஜனாதிபதி எம்பெக்கியின் அரசு நோயின் காரணத்தையே சந்தேகித்துத் தாமதம் செய்ததில் பெருந்தொகையான உயிர்கள் போயின, அதையும் மறைக்காமல் சொன்னோம், அங்கே நோயாளிகளே நீதிமன்றம் போய் அரசை மருந்து கொடுக்க வைத்ததையும் சொன்னோம். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் சாவுகள் 2010க்குப் பிறகு பாதிக்கும் மேல் குறைந்தன. 2025ல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டபோது பல கிளினிக்குகள் தடுமாறின. இத்தனை திருப்பங்கள் உள்ள கதையை ஒரு அழுகிற படத்தில் அடைத்துவிட்டார்கள்.

தண்ணீர்க் கார்டுக்கு வரைபடத்தை மறுபடி விரித்தோம். காங்கோ ஆறு, ஓடும் நீரின் அளவில் உலகில் இரண்டாவது. ஆக, கண்டத்தில் தண்ணீர் இல்லை என்பது பொய். தண்ணீர் இருக்கும் இடமும் மக்கள் இருக்கும் இடமும் வேறு, நடுவே குழாயும் பணமும் ஒப்பந்தமும் வேண்டும். நைலை எடுத்துக்கொண்டால் எகிப்துக்குப் போகும் நீரில் சுமார் 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளில் இருந்து வருகிறது. ஆனால் 1929லும் 1959லும் போட்ட நைல் ஒப்பந்தங்களில் எத்தியோப்பியாவுக்கு இடமே இல்லை, முதலாவது பிரிட்டன் தன் காலனிகளின் பெயரில் எகிப்தோடு போட்டது. நீல நைலில் எத்தியோப்பியா 2011ல் தொடங்கிய பேரணை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது, கார்டில் இன்னும் 'கட்டப்பட்டு வருகிறது' என்றே இருக்கிறது. பிள்ளைகளை எகிப்து, சூடான், எத்தியோப்பியா என்று மூன்றாகப் பிரித்துப் பேச விட்டேன். எத்தியோப்பியா அணி, "எங்க வீட்ல கரண்ட் இல்ல, எங்க மழைதான் உங்க ஆறு" என்றது, எகிப்து அணி, "எங்களுக்கு மழையே இல்ல, இந்த ஆறு ஒண்ணுதான்" என்றது. காவிரியைப் பார்த்து வளர்ந்த பெற்றோர்களுக்கு இந்த வாக்குவாதம் புதிதாக இருக்காது. பாலைவனமாதல் கார்டிலும் மனிதர்களைச் சேருங்கள்: சாஹேல் நெடுகப் பசுமை வளர்க்க 2007ல் தொடங்கிய பசுமைப் பெருஞ்சுவர் திட்டம், பழைய ஸாய் முறையில் குழி வெட்டி எருவும் மழைநீரும் பிடித்துக் கெட்டித் தரையில் காடு வளர்த்த புர்கினா ஃபாசோ விவசாயி யாகூபா சவடோகோ, கென்யாவில் பெண்களைத் திரட்டி மரம் நட வைத்து 2004ல் நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய். மாத்தாய் பெயர் இல்லாமல் ஒரு ஆப்பிரிக்கப் பெட்டியை எப்படி முடித்தார்கள் என்று தெரியவில்லை.

சூடான் கார்டு 2003ல் டார்ஃபூர் பகுதியில் தொடங்கிய போரோடு நின்றுவிட்டது. 2011ல் தென் சூடான் தனி நாடானது மட்டும் ஒரு வரி. 2023 ஏப்ரல் 15ல் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் என்ற துணை ராணுவப் படைக்கும் வெடித்த போர் இல்லவே இல்லை, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வீட்டை விட்டுத் துரத்திய, இன்று உலகின் மிகப் பெரிய இடம்பெயர்வு நெருக்கடி அது. அச்சிட்ட பொருள் பழசாவது இயல்புதான், ஆனால் விற்பனைப் பக்கத்தில் 'புதுப்பிக்கப்பட்ட பதிப்பு' என்று போட்டுவிட்டு இதை விடக்கூடாது. ருவாண்டா கார்டு மட்டும் சிவப்பில் விதிவிலக்கு, பொறுப்பாக எழுதியிருக்கிறார்கள். 1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டதைப் படம் இல்லாமல், அமைதியான வார்த்தைகளில் சொல்லி, பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவருக்கும் இனம் குறித்த அடையாள அட்டை கொடுத்ததில் இருந்து காரணத்தைத் தொடங்குகிறது. மற்ற சிவப்புக் கார்டுகளையும் இதை எழுதியவரே எழுதியிருக்கக் கூடாதா!

நன்றாக நடப்பவற்றுக்கு ஒரு கார்டும் இல்லை. 2007ல் கென்யாவில் வந்த எம்-பெசா, வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் சாதாரண போனில் பணம் அனுப்ப வழி செய்தது. 2020 ஆகஸ்டில் கண்டம் முழுவதும் இயற்கைப் போலியோ வைரஸ் இல்லாததாகச் சான்று பெற்றது. கண்டத்தில் பாதிப் பேர் 19 வயதோ அதற்குக் கீழேயோ உள்ளவர்கள், அதுவே ஒரு கார்டுக்குப் போதும். நாங்கள் வெள்ளை அட்டை வாங்கிப் பச்சைக் கார்டுகள் என்று ஒரு கட்டு செய்துகொண்டோம், பிள்ளைகள் அதைத்தான் ஆசையாக எழுதினார்கள்.

வேகக் கேள்விகள் தேதி மனப்பாடத்துக்கு உதவும், வேறு எதற்கும் இல்லை. கையேடு சின்னது, வகுப்பு ஆசிரியர்களுக்குப் போதாது. துணி நல்ல தரம், துவைத்தாலும் சாயம் போகவில்லை. கார்டு அட்டை மெலிது, ஓரம் சீக்கிரம் மடங்குகிறது. மொத்தத்தில் 5க்கு மூன்றரை கொடுக்கிறேன், வரைபடத்துக்கு மட்டும் என்றால் ஐந்து. பெர்லின், எய்ட்ஸ், நைல், சூடான் கார்டுகளில் என்ன மாற்ற வேண்டும் என்று விற்பவருக்கு விவரமாக எழுதியிருக்கிறேன், திருத்திய கார்டுகள் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.

6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் வரைபடத்தையும் பெர்லினுக்கு முந்தைய மஞ்சள் கார்டுகளையும் மட்டும் முதலில் எடுங்கள், ருவாண்டா கார்டைத் தனியே வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் படிக்கக் கொடுங்கள். வரைபடம் விரிக்க ஆறடிக்கு ஆறடி இடம் வேண்டும், சோஃபாவை நகர்த்திவிட்டு உட்காருங்கள்.